வெங்காயத்தை ஒதுக்கிச் சாப்பிடுகிறவர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. "அக்கான்னு கூப்பிடலாமாங்க?" என்று ஒரு பெண் குரல். என் முன்னாள் கணவரை அவருக்குப் பேசியிருக்கிறார்களாம். அவருக்கும் இது இரண்டாவது கல்யாணம்தான். "எங்க வீட்ல எல்லார்கிட்டயும் விசாரிச்சாச்சுங்க. உங்ககிட்ட மட்டும் யாரும் கேக்கல. கூட வாழ்ந்தவங்களுக்குத்தானே தெரியும்? அவர் எப்படிங்கக்கா?"

"நாளைக்குக் கூப்பிடறேம்மா" என்று வைத்துவிட்டேன். பதில் இல்லாமல் இல்லை. விவாகரத்தாகி ஆறு வருஷம். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன பதில் ஒன்று என்னிடம் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் ஒரு சினிமா குறுக்கே வந்து நின்றது.

நிக்கோல் ஹோலோஃப்செனர் எழுதி இயக்கி 2013ல் வெளியான 'எனஃப் செட்'. 'சொன்னது போதும்' என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். லாஸ் ஏஞ்சலஸில் நடக்கிற கதை. ஈவா விவாகரத்தானவள். மசாஜ் மேஜையை மடித்துக் காரில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மசாஜ் செய்வது அவள் வேலை. ஒரே மகள் கல்லூரிக்காக ஊரைவிட்டுக் கிளம்பப்போகிறாள். ஒரு விருந்தில் ஈவா இரண்டு பேரைச் சந்திக்கிறாள். ஒருத்தி மரியான், கவிஞர். அழகான வீடு, அழகான பேச்சு. இன்னொருவர் ஆல்பெர்ட். பருத்த உடம்பு, மெல்லிய கிண்டல். அவருக்கும் கல்லூரிக்குப் போகப்போகிற ஒரு மகள். மரியான் ஈவாவின் வாடிக்கையாளராகி, பிறகு தோழியும் ஆகிறாள். ஆல்பெர்ட் காதலர் ஆகிறார். மரியான் தன் முன்னாள் கணவரைப் பற்றிப் புலம்பிக்கொண்டே இருக்கிறாள். அந்த மனிதர் குவாக்கமோலியில் வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவாராம். அந்தக் கணவர்தான் ஆல்பெர்ட் என்று ஒருநாள் ஈவாவுக்குத் தெரிந்துவிடுகிறது.

அவள் இரண்டு பேரிடமும் அதைச் சொல்வதில்லை. மரியானிடம் தொடர்ந்து போகிறாள். தொடர்ந்து கேட்கிறாள். படமே அதுதான்.

முதல்முறை பார்த்தபோது நான் கல்யாண வாழ்க்கைக்குள் இருந்தேன். ஈவாவோடு சேர்ந்து சிரித்தேன், அவளுக்காகப் பதறினேன். அந்த ஞாயிறு இரவு மறுபடி பார்த்தேன். இந்தமுறை எனக்கான நாற்காலி மாறியிருந்தது. நான் மரியான்.

நடுவயதில் தன்னைக் கண்டடைகிற பெண்களைப் பற்றிய படங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. 'அண்டர் தி டஸ்கன் சன்' (2003) படத்தில் நாயகி இத்தாலியில் ஒரு பழைய வீட்டை வாங்குவாள். நம்முடைய '36 வயதினிலே'வில் (2015) மாடித்தோட்டம். மறந்துபோன திறமை திரும்பக் கிடைக்கும், நாமும் கைதட்டுவோம். எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் 'எனஃப் செட்'டில் ஈவா கண்டடைவது திறமையை இல்லை. தான் எவ்வளவு சின்னத்தனமாக நடந்துகொள்ள முடியும் என்பதை. இன்னொருத்தியின் கசப்பைக் கடன் வாங்கி, அதை அணிந்துகொண்டு, தனக்கு நிஜமாகவே பிடித்த ஒரு மனிதரைப் பார்க்க ஆரம்பிக்கிறாள். நண்பர்கள் வீட்டு விருந்தில் எல்லார் முன்னாலும் அவருடைய சாப்பாட்டையும் உடம்பையும் கேலி செய்கிறாள். திரும்பும் வழியில் ஆல்பெர்ட் சொல்கிறார்: இந்தச் சாயங்காலத்தை முன்னாள் மனைவியோடு கழித்த மாதிரி இருந்தது.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆல்பெர்ட்டாக நடித்தவர் ஜேம்ஸ் கேண்டோல்ஃபினி. 'தி சோப்ரானோஸ்' தொடரில் (1999–2007) மாஃபியா தலைவனாக உலகத்தை மிரட்டியவர். அதே பெரிய உடம்பு இங்கே மிரட்டுவதில்லை, கூச்சப்படுகிறது. 2013 ஜூனில் ரோமில் இறந்துபோனார், வயது 51. படம் வெளியானது செப்டம்பரில். அதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது, மற்றவர்கள் அவர் உடம்பைக் கேலி செய்யும் காட்சிகளில் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

சரி, என் பட்டியலுக்கு வருகிறேன். சட்டைப் பையில் பில், பஸ் டிக்கெட், ஏடிஎம் சீட்டு என்று எல்லாவற்றையும் சேர்த்து வைப்பார். துவைத்தால் கூழாகி மற்ற துணிகளிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். எந்த டம்ளர் காபியையும் முழுசாகக் குடிக்க மாட்டார். டிவியில் பழைய கிரிக்கெட் மேட்ச், முடிவு தெரிந்ததையே நகத்தைக் கடித்துக்கொண்டு பார்ப்பார். இதையெல்லாம் நான் நன்றாகச் சொல்வேன். தோழிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "எப்படிடி பதினோரு வருஷம் இருந்த?" என்பார்கள்.

மரியானின் புகார்களை அன்றைக்கு ஒவ்வொன்றாகக் கவனித்தேன். வெங்காயம், உடம்பு, ஒழுங்கின்மை. எல்லாமே சில்லறை. எதுவும் ஒரு கல்யாணம் முறியக் காரணமில்லை. நிஜக் காரணம் எங்கேயோ கீழே கிடக்கிறது. அதைத் தொட வேண்டாமென்றுதான் சில்லறையை எண்ணிக்கொண்டே இருக்கிறாள். எனக்கு அது புரிந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அவருக்கு வருத்தம் வந்தால் பேச மாட்டார். வாரக்கணக்கில் "ம்" மட்டும்தான். முதல் சில வருஷம் "என்னாச்சு?" என்று கேட்டேன். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டேன். நிறுத்தியது நான். அந்தப் பாதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சட்டைப்பைக் கூழ் சொல்வதற்குச் சுலபமாக இருந்தது.

படத்தில் உண்மை வெளிப்படுகிற காட்சி சத்தமில்லாதது. ஆல்பெர்ட் கத்துவதில்லை. மனசு உடைவதற்கான வயதைத் தாண்டிவிட்டேன் என்கிற மாதிரி நிற்கிறார். இரண்டாவது வாய்ப்பு என்று சொல்லும்போது நாம் மறந்துபோவது இதைத்தான். அது புதுப்பலகை இல்லை. ஏற்கெனவே ஒருமுறை கீறல் விழுந்த ஆள்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார். கடைசிக் காட்சியில் இருவரும் அவர் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கட்டியணைப்பு, முத்தம் எதுவும் இல்லை. சேர்ந்தார்களா என்று படம் அழுத்திச் சொல்வதும் இல்லை.

மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அடிக்கிற ஆளில்ல, குடி இல்ல, கடன் இல்ல. அதுல ஏதாவது இருந்திருந்தா நேத்தே சொல்லியிருப்பேன்" என்றேன். அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. எங்கம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒன்பது ராத்திரி பெஞ்சில் படுத்துக்கிடந்தார் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லி ரொம்ப வருஷமாகியிருந்தது. பிறகு, "கோவம் வந்தா பேச மாட்டார். நீங்க கேக்கறத விட்றாதீங்க. நான் விட்டுட்டேன்" என்றேன். "ஆனா இதெல்லாம் எங்கிட்ட இருந்த ஆளு. உங்ககிட்ட எப்படி இருப்பாரோ, எனக்குத் தெரியாதும்மா."

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. அப்புறம் என்னை மீறி வாய் பழைய பாதைக்கே போனது. "ஆங், துவைக்கறதுக்கு முன்னாடி சட்டைப் பையைப் பாத்துடுங்க. ஒரே பில்லா இருக்கும்."

அவர் சிரித்துவிட்டார். "எங்கப்பாவும் அப்படித்தாங்கக்கா. பாவம்."

பாவம். பதினோரு வருஷத்தில் எனக்கு ஒருநாள்கூட அந்த வார்த்தை தோன்றியதில்லை.

அந்தக் கல்யாணம் நடந்ததா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.