மேடறியா ஊரிலிருந்து மலையடிவாரம் வரை

நாகூர்ச் சிறுவன் ஒருவனை அழைத்து, மிதிவண்டியில் அவன் ஏறிய பெரிய மேடு எதுவென்று கேட்டால், ஆற்றுப் பாலம் ஒன்றைத்தான் காட்டுவான். காவிரியின் கடைமடையில் உயரம் என்பது நிலத்தில் இல்லை. மனிதர் எழுப்பிய கட்டடங்களில் இருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் நாகூர் தர்காவில் கட்டுவித்த பெரிய மினாரின் உயரம் 131 அடி. மேற்கே தஞ்சைப் பெரிய கோயிலின் விமானமோ 200 அடியைத் தாண்டும். இரண்டுக்கும் நடுவே கண்ணை மறைக்க ஒரு குன்றும் கிடையாது.

இத்தகைய சமவெளியின் பிள்ளைகளுக்கு மலைமேல் ஆசை எழுவது இயற்கையே. பதினோராம் வகுப்பில் அரசு வழங்கும் மிதிவண்டி பல வீடுகளில் நிற்கிறது. ஆகஸ்ட் 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறும் வேளையில், உள்நாட்டு ஊர்களிலிருந்து இளைஞர் கூட்டங்கூட்டமாக மிதிவண்டியில் வந்து சேர்வதையும் அவர்கள் காண்கிறார்கள். அவர்கள் அங்கிருந்து கடலுக்கு வரலாமென்றால், நாம் இங்கிருந்து மலைக்குப் போகலாகாதா என்று நம்மிடம் வாதிட்டார்கள். வாதம் நியாயமானதே. எனினும் அவர்களுள் ஒருவனின் தாய் கேட்ட கேள்விதான் நம் மனத்தில் தைத்தது: "ஏறுறது கெடக்கட்டும் சாமி, எறங்கும்போது பிரேக் பிடிக்குமா?"

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே வழியை வகுத்தோம். பொங்கல் கழிந்த வாரம் புறப்பட்டோம். பதினெட்டு வயது நிறைந்த இளைஞர் அறுவரும் நாமுமாக எழுவர். கியர் இல்லாத சாதாரண வண்டிகளே எல்லாம்.

காலம் பார்த்துப் புறப்படுவது முதல் விதி. ஆடியில் மேற்கே பயணம் செய்வது, எதிர்க்காற்றை நாள் முழுதும் நெஞ்சால் தள்ளுவதாகும். சமவெளியில் காற்றே மலை. அதற்கு உச்சியும் இல்லை, இறக்கமும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் காற்று முதுகுப்புறம் வந்தாலும் மழை விடாது. தை மாதமே தக்கது. அதற்கும் ஓர் இடையூறு உண்டு. சம்பா அறுவடை நடக்குமாதலால், சாலையின் பாதியில் நெல்லும் வைக்கோலும் காயும். வைக்கோலின் மேல் சக்கரம் வழுக்கும், செயினில் சுற்றிக்கொள்ளும். நெல்லின் மேல் ஓட்டினாலோ, களத்துக்காரரின் வசவையும் கேட்க நேரும். அது நமக்கு வேண்டியதுதான்.

சிக்கல், கீழ்வேளூர், திருவாரூர், நீடாமங்கலம், சாலியமங்கலம் என்று முதல்நாள் 80 கி.மீட்டருக்கு மேல் மிதித்துத் தஞ்சையை அடைந்தோம். "மேடு எப்ப சாமி வரும்?" என்று நீடாமங்கலத்தில் ஒருவன் கேட்டான். காலையிலிருந்தே மேட்டில்தான் வருகிறாய் என்று சொன்னபோது அவன் நம்பவில்லை. கடல்மட்டத்திலிருந்து தஞ்சை சுமார் 60 மீட்டர் உயரம். ஏறத்தாழப் பெரிய கோயில் விமானத்தின் உயரமே அது. அவ்வுயரத்தை 80 கி.மீ. தூரத்துக்கு இழைத்துப் பரப்பினால் கி.மீட்டருக்கு ஒரு மீட்டர்கூடத் தேறாது. கால் அதை அறியாது, தண்ணீர் அறியும். நாகூரில் கடலைச் சேரும் வெட்டாறு, தஞ்சைக்கு அருகே தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து, இந்தச் சிறு சரிவை மட்டுமே நம்பி அவ்வளவு தொலைவும் நடந்து வருகிறது. 1861-இல் நாகையிலிருந்து தஞ்சைக்கு இருப்புப்பாதை இட்டவர்களுக்கும் குன்றைக் குடையும் வேலை இருக்கவில்லை. ஆறுகளுக்குப் பாலம் கட்டுவதே வேலையாயிற்று.

இரண்டாம் நாள் தஞ்சை–திருச்சி நெடுஞ்சாலையை வேண்டுமென்றே தவிர்த்தோம். நான்கு வழிச் சாலை அகலமானதுதான். ஆனால் அங்கே பேருந்தும் லாரியும் விரையும் வேகத்தில் மிதிவண்டிக்காரனைப் பொருட்படுத்துவாரில்லை. திருவையாறு சென்று, அங்கிருந்து ஆற்றங்கரை ஊர்களின் வழியே திருக்காட்டுப்பள்ளியை அடைவது சற்றுச் சுற்று; ஆனால் நிழல் உண்டு, தேநீர்க் கடை உண்டு, பஞ்சர் ஒட்டுபவரும் உண்டு. கருவேல முள் இருவரைப் பதம் பார்த்தது. குடமுருட்டி பிரியும் அவ்வூரிலிருந்து, வீரமாமுனிவரின் நினைவோடு இணைந்த பூண்டி மாதா பேராலயம் தொலைவில் இல்லை. அங்கே வணங்கி, மதிய உணவு உண்டு, கல்லணை வந்தோம். கல்லணையில் நின்று பார்த்தால், நாம் முந்தின நாள் கடந்த ஆறுகளெல்லாம் எங்கே கைப்பிரிந்தன என்பது விளங்கும். பின்னர்க் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவில் உத்தமர்சீலி வழியாகத் திருவானைக்காவல். நம்மைக் கேட்டால், இந்தப் பயணம் முழுவதிலும் மிதிவண்டிக்கென்றே அமைந்ததுபோன்ற சாலை இதுதான்.

கொள்ளிடத்தைத் தாண்டியதும் நிலம் குணம் மாறுகிறது. மண்ணச்சநல்லூர் வரை வயல். திருவெள்ளறையில் பாறை தலைகாட்டுகிறது. புலிவலத்தை நெருங்கும்போது சாலை அலைபோல் ஏறி இறங்கத் தொடங்குகிறது. வயல்வரப்பையே பார்த்துப் பழகிய கண்களுக்கு அடிவானம் முதன்முறையாக நீலக் கோடாக எழுந்து நிற்கிறது. இளைஞர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

துறையூருக்கு அப்பால் மேற்கே கொல்லிமலை, கிழக்கே பச்சைமலை. இரண்டுக்கும் இடைப்பட்ட அகன்ற பள்ளத்தாக்கில் உப்பிலியபுரம், கோட்டப்பாளையம், புளியஞ்சோலை என்று சாலை செல்கிறது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் பூமி. நெல் மட்டுமே பயிர் என்று எண்ணியிருந்த நம் பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் வண்டியை நிறுத்திப் பெயர் கேட்டார்கள். திருச்சியிலிருந்து புளியஞ்சோலை 70 கி.மீட்டருக்குச் சற்று மேல். வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவி நீர் ஐயாறாக இங்கேதான் தரைக்கு இறங்குகிறது. காவிரியை நாடிச் செல்லும் அந்த நீரில் கால் நனைத்துப் பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். குளிர் என்பது மார்கழிக்கு மட்டும் உரியதன்று என்று ஒருவன் கண்டுபிடித்தான்.

அன்றிரவு கோட்டப்பாளையத்தில் தங்கினோம். ஜூலை 22-இல் விழாக் காணும் புனித மகதலா மரியாவின் ஆலயம் உள்ள ஊர் அது. இரவுணவுக்குப் பின், மலையும் மிதிவண்டியும் நெடுநாள் பழகிய இத்தாலியைப் பற்றிப் பேச்சு வந்தது. கோமோ ஏரிக்கு மேலே 754 மீட்டர் உயரத்தில் கிசால்லோ மாதாவின் சிற்றாலயம் உண்டு. 1949-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அம்மாதாவை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். பெரும் வீரர்களின் வண்டிகள் அங்கே சுவரில் தொங்குகின்றன. அவர்களுள் ஜீனோ பர்த்தாலி 1938-லும் 1948-லும் பிரான்சு நாட்டைச் சுற்றும் பந்தயத்தில் வென்றவர்; போர்க்காலத்தில் பயிற்சிக்குச் செல்பவர்போல் நெடுந்தொலைவு ஓட்டி, வண்டியின் குழாய்க்குள் மறைத்த போலி அடையாளச் சீட்டுகளால் யூதர்களைக் காக்க உதவியவர். வண்டிக் குழாயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே ஒருவன் உறங்கப் போனான்.

இனி அத்தாயின் கேள்விக்கு வருவோம். ஐந்தாம் நாள், சோபனபுரத்திலிருந்து பச்சைமலைக்கு ஏறினோம். தஞ்சைவரை ஒரு பகல் முழுதும் ஏறிய 60 மீட்டரை மலைப்பாதை ஒன்றிரண்டு கி.மீட்டரிலேயே ஏறிவிடும். கியர் இல்லாத வண்டியை அங்கே மிதிப்பதைவிடத் தள்ளுவதே அறிவு. பாதிக்கு மேல் தள்ளித்தான் சென்றோம். ஏற்றத்தில் ஆபத்தில்லை, மூச்சு வாங்கும், அவ்வளவே.

இறக்கம் வேறு செய்தி. சமவெளியில் பிரேக்கை ஓரிரு நொடிக்கு மேல் யாரும் பிடிப்பதில்லை. மலையிலோ அரைமணி நேரம் பிடித்தவாறே வர வேண்டும். ரப்பர் கட்டை இரும்பு ரிம்மில் உராய்ந்து சூடேறும். சூடேறினால் பிடி தளரும். ரிம் நனைந்திருந்தாலோ கட்டை வழுக்கும். ஆகவே மழைநாளில் இறங்கவே கூடாது. தஞ்சையிலேயே எழுவர் வண்டிக்கும் புதுக் கட்டைகள் போட்டிருந்தோம். இரு பிரேக்குகளையும் சேர்த்து, ஒரேயடியாக அழுத்தாமல் விட்டுவிட்டுப் பிடிக்கச் சொன்னோம். மூன்று வளைவுக்கு ஒருமுறை எல்லாரும் நிற்க வேண்டும். ரிம் ஆறிய பின்பே நகர வேண்டும். முதல் நிறுத்தத்தில் ரிம்மைத் தொட்ட ஒருவன் கையை உதறினான். அதன்பின் நிற்கச் சொல்லி நாம் குரல் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. செங்குத்தான இரண்டு இடங்களில் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அடிவாரம் வந்து பார்த்தபோது கட்டைகள் கண்ணுக்குத் தெரியத் தேய்ந்திருந்தன, உப்பிலியபுரத்தில் மாற்றிக்கொண்டோம்.

கொல்லிமலைக்கும் ஏறலாமே என்று அப்போதே கேட்டார்கள். காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 70. நம் வண்டிகளுக்கு அது ஏற்றதன்று. பேருந்தில் போகலாம் என்றோம். அடுத்த தையில் மலையேறாமல், இரு மலைகளின் அடிவாரத்தை ஒட்டி, மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற தம்மம்பட்டி வரை செல்ல எண்ணம். இம்முறை அப்பெற்றோரில் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கேள்வி கேட்ட தாயும் ஒருவர். வண்டி ஓட்டத் தெரியுமா என்று வினவினோம். பிள்ளையைப் பள்ளிக்கு ஏழாண்டு பின்னால் வைத்து மிதித்தவர் தாமே என்றார்.