கோது பேசும், கை பேசாது

நாளாந்தம் உடலோடு வைத்துக்கொள்ள எந்தச் சிறிய பிஸ்டல் சிறந்தது என்று ஒப்பிட்டு எழுதுவோர் உலகெங்கும் உண்டு. மட்டக்களப்பு வாவிக்கரையில் செய்தி சேகரித்த எங்களுக்கும் அந்த ஒப்பீடு தெரியும். நாங்கள் அதைக் கற்றது கடைகளில் அல்ல. வீதியில் விழுந்து கிடந்த கோதுகளிலிருந்து.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். ஜேர்மன் வால்தர் பி.பி.கே. 15.5 சென்ரிமீற்றர் நீளமும் ஏறத்தாழ 600 கிராம் நிறையும் கொண்டது, 7.65 மி.மீ. ரவைகள் 7 கொள்ளும். சோவியத் மக்கரோவ் 16 சென்ரிமீற்றர், 730 கிராம், 8 ரவைகள். பிரவுனிங் ஹைபவர் 20 சென்ரிமீற்றர், ஏறத்தாழ ஒரு கிலோ, 13 ரவைகள். முதலிரண்டும் தளர்ந்த சேட்டின் கீழ் மறைந்துவிடும். மூன்றாவது இடுப்பை இழுக்கும். குழல் குறுகக் குறுகத் தூரத்துக் குறி தவறும். ஆகவே சிறிய பிஸ்டல் என்பது நெருங்கிச் சென்று சுடுவதற்கான கருவி.

நெருங்குவதுதான் எங்கள் ஊரின் துயரமாயிற்று. படுவான்கரையிலிருந்து நகருக்கு வருபவர் பாலத்தையோ 'பாதை' எனப்படும் மிதவையையோ கடக்க வேண்டும். போர்க்காலத்தில் வழிநெடுகச் சோதனைச் சாவடிகள். நீண்ட துப்பாக்கி கண்ணுக்குத் தெரியும். இடுப்பில் அடங்குவதோ சனத்தோடு சனமாக நடக்கும்.

றிவோல்வர் சுட்ட கோதைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும். பிஸ்டல் வெளியே எறியும். எனவே கோது கிடந்தால் பிஸ்டல் என்று ஊகிப்போம். '9 மி.மீ.' என்று எழுதுவோம். மக்கரோவின் ரவையும் 9 மி.மீ., பிரவுனிங்கின் ரவையும் 9 மி.மீ.; ஆனால் ஒன்றினது மற்றதற்குப் பொருந்தாது. அந்த வேறுபாட்டைக்கூடச் சொல்ல முடிந்த செய்தியில், சுட்டவர் மட்டும் 'இனந்தெரியாத ஆயுததாரி'யாகவே இருந்தார்.

2004 மே 31 அன்று பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பு நகரில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 ஏப்ரல் 28 அன்று கொழும்பில் கடத்தப்பட்ட எங்கள் ஊரவர் தர்மரத்தினம் சிவராம் மறுநாள் சடலமாக மீட்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 25, நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், புனித மரியாள் தேவாலயத்தினுள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர் 2021 சனவரியில் விடுவிக்கப்பட்டனர். அப்படியாயின் சுட்ட கை எது?

கையை அறியாதிருப்பது இறந்தவர்களை மட்டும் பாதிப்பதில்லை. 2018 நவம்பர் 30 அன்று வவுணதீவில் காவலரணில் இருந்த இரு பொலிஸார் கொல்லப்பட்டு, அவர்களது ஆயுதங்களும் பறிக்கப்பட்டன. முன்னாள் போராளி ஒருவர் தடுத்து வைக்கப்பட்டார். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் சந்தேகம் அத்தாக்குதலை நடத்திய குழுவின் பக்கம் திரும்பியது, அவர் விடுதலையானார். இடையில் கழிந்த மாதங்களை யார் திருப்பித் தருவது?

பிஸ்டல் வைத்திருப்பவன் பாதுகாப்பானவன் என்பது, எதிரில் நிற்பவன் பிந்தி எடுப்பான் என்ற நம்பிக்கையே. முதலில் எடுப்பவன் தாக்க வந்தவன். அவனுக்குத்தான் நேரமும் இடமும் முன்கூட்டித் தெரியும். தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீள ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு 2024 இறுதியில் கேட்டது. நல்லதே. ஆனால் எங்கள் மண்ணில் கொலைக்கு வந்தவை அனுமதிப்பத்திரத்தோடு வரவில்லை. அவற்றை ஏந்திய கைகள் எவை என்பது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படும்வரை, எங்கள் பழைய செய்திகள் யாவும் பாதி எழுதப்பட்டவையே.