ஆமென் எந்த ஊர்ச் சொல்?

மம்சாபுரத்தில் என் பள்ளித்தோழன் ஒருவனின் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நாள் தவறாமல் எபிரேயம் பேசினார். ஆமென் என்றால் 'மெய், அப்படியே ஆகுக'. அல்லேலூயா என்றால் 'யாவைத் துதியுங்கள்'. யா என்பது இஸ்ரவேலரின் இறைப்பெயரின் சுருக்கம். ஓசன்னா என்பது 'இரட்சித்தருளும்' என்ற மன்றாட்டு. கிரேக்கமும் லத்தீனும் மொழிபெயர்க்காமல் விட்டுவைத்த இச்சொற்கள் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஓட்டு வீடொன்றில் இரவுதோறும் ஒலித்தன என்பது எனக்கு இன்றும் வியப்பே.

சொற்கள் மட்டுமல்ல, வழிபாட்டின் அமைப்பும் அங்கிருந்து வந்ததுதான். பழைய ஏற்பாட்டு வாசகம், சங்கீதம், பிரசங்கம் என்று ஞாயிறு ஆராதனையில் காணும் வரிசைக்கு முன்மாதிரி, தமிழ் வேதாகமம் 'ஜெபஆலயம்' என்று குறிக்கும் யூதக் கூடம். நாசரேத்தில் இயேசு எழுந்து நின்று ஏசாயாவின் சுருளை வாசித்துப் பிறகு உட்கார்ந்து விளக்கியதை லூக்கா எழுதுகிறார். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் வாழ்ந்த ஜஸ்டின் விவரிக்கும் ஞாயிற்றுக் கூடுகையிலும் வாசிப்பு, போதனை, ஜெபம், அப்பமும் திராட்சரசமும் என்ற ஒழுங்கைக் காண்கிறோம். அந்த அப்பத்தின் பின்னணியில் பஸ்கா விருந்து இருக்கிறது. நம் மலைக்கு அப்பால், கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் பெரிய வியாழனன்று புளிக்காத அப்பம் செய்து, வீட்டுத் தலைவர் பிட்டுக்கொடுக்க உண்கிறார்கள். அதன் பெயரே 'பெசஹா'.

பிறகு பிரிவு எப்படி நேர்ந்தது? அது ஒரே நாளில் நடந்ததல்ல. புறவினத்தாருக்கு விருத்தசேதனம் தேவையில்லை என்று ஏறத்தாழ கி.பி. 49இல் எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள் முடிவெடுத்தார்கள். 70இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்தார்கள். 325இல் நைசியா சங்கம் உயிர்ப்புப் பெருநாளைக் கணிப்பதில் யூத நாட்காட்டியைச் சார்ந்திருப்பதைக் கைவிட்டது. ஒரு குடும்பத்துக்குள் நடந்த வாக்குவாதம், வாரிசுகள் வேறு இனத்தவரான பின், அயலார்மீதான வசையாக மாறியது.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. ஒரு பெரிய வெள்ளியன்று, அந்தப் பாட்டியுடன் அமர்ந்து ஒரு பிரசங்கத்தைக் கேட்டேன். யூதர்கள் சபிக்கப்பட்ட இனம் என்றார் பிரசங்கியார். கேட்டிருந்தவர்களில் எவரும் வாழ்நாளில் ஒரு யூதரைப் பார்த்தவராக இருந்திருக்க வழியில்லை. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட ஜெபஆலயம் மலைக்கு அந்தப்பக்கம்தான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்த யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டனர். பார்த்திராத மனிதர்மீது வெறுப்பைக் கற்பிப்பது எத்தனை எளிது! இயேசுவின் மரணத்துக்கான பழியை அன்றிருந்த எல்லா யூதர்மீதும், இன்றுள்ளோர்மீதும் சுமத்தலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் வெளிப்படையாக அறிவித்தது. அந்த அறிவிப்பு எங்கள் ஊர்ப்பக்கம் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

பாட்டி அன்று வீடு திரும்பும் வழியில் கேட்டார்: "ஏசுவோட அம்மா மரியாளும் அந்தச் சாதிதானப்பா?"

"ஆமா பாட்டி, பேதுருவும் பவுலுங்கூட" என்றேன்.

"அப்ப அவுகளத் திட்டினா இவுகளுக்கு வலிக்காதா?" என்றார். பிரசங்கியாரிடம் யாரும் கேட்காத கேள்வி அது.