நமக்கு எதுக்கு

ஆச்சியிடம் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான்: "நமக்கு எதுக்கு?" புதுச்சேலைக்கும் அதுதான், மூக்குக்கண்ணாடிக்கும் அதுதான். எங்கள் தென்காசிப் பக்கத்தில் தன்னைப் பற்றிப் பேசும்போதும் 'நமக்கு' என்பது வழக்கம். ஆண்களும் சொல்வார்கள். அவர்களுடைய 'நமக்கு' பந்தியில் முதலில் உட்கார்ந்துவிடும்; ஆச்சியுடையது அடுக்களைக் கதவோரம் நிற்கும். தாத்தாவைக்கூட 'எங்க வீட்டுல' என்றுதான் குறிப்பிடுவாள். பதிமூன்று வயதில் மருமகளாக வந்தவள்.

அந்த வீட்டுத் திண்ணையில்தான் அ. மாதவையாவின் 'முத்துமீனாட்சி'யைப் படித்தேன். ஒரு பிராமணக் கைம்பெண் தன் கதையைத் தானே, 'நான்' என்று சொல்கிற நாவல். 1903இல் நூலாக வந்தது. விதை அதற்கும் முந்தியது. பெருங்குளத்தில் பிறந்த மாதவையா 1892இல், இருபது வயதில், 'சாவித்திரி' என்ற பெண்பெயரில் 'விவேக சிந்தாமணி'யில் 'சாவித்திரி சரித்திரம்' எழுதத் தொடங்கினார். அது பாதியில் நின்றுபோயிற்று. அவர் அதைத் தொடங்கியதற்கு முந்திய ஆண்டுதான் சிறுமியரின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கிய சட்டம் வந்திருந்தது. சாஸ்திரம் என்ன சொல்கிறது, அதில் தலையிட வெள்ளைக்காரனுக்கு உரிமை உண்டா என்று ஆண்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். தாலி ஏறிய பிள்ளைக்கு என்ன தோன்றியது என்று கேட்க ஒரு கதை வேண்டியிருந்தது.

ஒவ்வொருவர் வாழ்வும் அவரவருக்கே சொந்தம் என்ற எண்ணம், ஜான் ஸ்டூவர்ட் மில் போன்றவர்களின் எழுத்தோடு ஆங்கிலக் கல்லூரிகள் வழியே இங்கு வந்தது. தமிழ்க் கதைக்குள் அது தன்மை ஒருமையாக நுழைந்தது என்பேன். ஓர் ஆண் எழுதிக்கொடுத்த 'நான்'தானே என்ற உறுத்தல் எனக்கு இன்றும் உண்டு. ஆனாலும் அந்தச் சொல் முத்துமீனாட்சியின் வாயில் வந்துவிட்டது.

இன்னொன்றும் அப்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்சனின் நாடக நாயகி நோரா 1879லேயே கதவைச் சாத்திவிட்டு வீட்டைவிட்டுப் போய்விட்டாள். முத்துமீனாட்சியோ மறுமணத்தில் போய் நிற்கிறாள். ஒரு கல்யாணத்திலிருந்து தப்பி இன்னொன்றுக்கா என்று கோபப்பட்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நோராவுக்கு மறுக்கப்பட்டது வாசல். தலை மழிக்கப்பட்டு மூலையில் உட்கார்த்தப்பட்ட பெண்ணுக்கு மறுக்கப்பட்டது ஆசை. கிருபாபாய் சத்தியநாதன் ஆங்கிலத்தில் எழுதி 1894இல் நூலாக வந்த 'கமலா'வில் கைம்பெண்ணான நாயகி, தன்னை விரும்பியவரை மணக்க மறுத்துவிடுகிறாள். எழுதியவர் பெண். மரபுதான் கமலாவைத் தடுக்கிறது என்றாலும் முடிவைச் சொல்வது அவள் நாக்கு. இருவரையும் அருகருகே வைத்தே படிக்க வேண்டும்.

இதெல்லாம் மேல்சாதி வீட்டுக்குள் அடைபட்டிருந்த பெண்களின் கதை. வெளியே வேறு பெண்கள் இருந்தார்கள். பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி சிங்கி தனியாகக் குறி சொல்லப் போகிறாள், நகை நகையாய்ச் சம்பாதிக்கிறாள். புருஷன்தான் அவளைத் தேடி அலைகிறான். கண்டதும் இது ஏது, அது ஏது என்று ஒவ்வொரு நகையாகக் கேட்கிறான். அவள் சளைக்காமல் பதில் சொல்கிறாள். ஊர் ஊராகப் போய் உழைத்தவளுக்குக்கூட அந்த விசாரணை தப்பவில்லை.

தாத்தா காலமான மறுவருஷம், ஆனிச் சாரலில், ஆச்சியைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனோம். "நமக்கு எதுக்கு" என்று சொல்லிக்கொண்டேதான் வண்டி ஏறினாள். பேரருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்தபடி தலையைக் கொடுத்தவள் கண்ணைத் திறக்கவேயில்லை. எங்களுக்குக் குளிரில் பல் கிட்டித்துவிட்டது. வா ஆச்சி, சளி பிடிக்கும் என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

உதறிவிட்டாள். "ஏட்டி, நீங்க போங்க. நான் இன்னும் கொஞ்சம் நிக்கேன்."

துண்டை வைத்துக்கொண்டு கரையில் காத்திருந்தோம்.