நன்கொடையும் தண்ணீர்ப் போத்தலும்

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ பழைய மாணவர் ஒருவர் பாடசாலைக்குப் பணம் தர முன்வந்தால், கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முதலில் எழும் பேச்சு ஸ்மார்ட் போர்ட். அடுத்தது கணினி அறை, வாசல் வளைவு. கொடுப்பவரின் மனம் பெரியதுதான். ஆனாலும் ஆரம்பப் பிரிவுக்கு என்றால், மலசலகூடத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றே சொல்வேன்.

ஒரு பாடசாலையில், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், மூன்றாம் ஆண்டுப் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தேன். காலையில் தாய் நிரப்பிக் கொடுத்தது கழுத்து மட்டத்தில் அப்படியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். “குடிச்சா அங்க போகோணும், அன்ரி” என்றாள். அங்கே போய்ப் பார்த்தேன். கதவுக்குக் கொண்டியில்லை. பைப்பைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. கொழும்புப் புழுக்கத்தில் தொண்டை நனையாமல் இருக்கும் பிள்ளைக்குத் தலையிடிக்கும், படிப்பும் ஏறாது. அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்றும் வரலாம்.

கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில், 1945இல், இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூலும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசம். ஆசிரியர் சம்பளத்தையும் அரசே கொடுக்கிறது. கொண்டியும் வாஷரும் துப்புரவுக்கு வரும் அம்மாவின் கூலியும்தான் பெரும்பாலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலையில் விழுகின்றன. சங்கம் பெற்றோரிடம் கேட்கும். நாட்கூலிக்குப் போகும் கொட்டாஞ்சேனைத் தகப்பன் எத்தனை தரம் கொடுப்பார்?

முன்பு கதை வேறு. 1902இல் தொடங்கிய விவேகானந்த சபை கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடத்தை நிறுவியதோடு நிற்கவில்லை, நடத்தவும் செய்தது. 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசின் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசிடம் போயின. அதன்பின் கொடுப்பவருக்குக் கட்டித் தருவது மட்டுமே வேலை என்றாகிவிட்டது. கட்டியதைப் பராமரிப்பது யார் பொறுப்பு என்று திறப்பு விழாவில் யாரும் கேட்பதில்லை.

என்னிடம் பத்து லட்சம் ரூபாய் தந்தால், தண்ணீர்த் தொட்டியையும் மலசலகூடத்தையும் முதலில் திருத்துவேன். பாதிப் பணத்தை நிலையான வைப்பில் போட்டு, வட்டியைத் துப்புரவுக் கூலிக்கு ஒதுக்குவேன். மிஞ்சியதில் தமிழ்க் கதைப் புத்தகங்கள் வாங்குவேன். அவை அதிபரின் அறைக் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது. வகுப்பிலேயே, பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். கிழிந்தால் கிழியட்டும், வேறு வாங்கலாம். புலமைப்பரிசில் பரீட்சைக்காகக் கடந்தகால வினாத்தாளையே புரட்டும் பிள்ளைக்குக் கதை வாசிக்க வேறு எங்கே வாய்ப்பிருக்கிறது? பல வீடுகளில் சாப்பாடு, படுக்கை, படிப்பு எல்லாம் ஒரே அறையில்தான்.

ஸ்மார்ட் போர்ட் வேண்டாம் என்பதில்லை. பழுதானால் திருத்தக் காசு எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் கிடைத்தபின் அதை வாங்கலாம்.

காசு அனுப்ப நினைக்கும் அண்ணாமாரே, அக்காமாரே, முதலில் அதிபருக்கு ஒரு கோல் எடுங்கள். தண்ணீருக்கும் துப்புரவுக்கும் மாதம் எவ்வளவு முடிகிறது என்று கேளுங்கள். அந்தத் தொகையை மூன்று வருடத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள்.