எங்க ஊர்ல 12 டிகிரி எங்க இருக்கு?

"எந்த ஊரு?"
"கள்ளக்குறிச்சி."

அதுக்கப்புறம் வர்ற சிரிப்பு எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. 2024 ஜூனுக்குப் பிறகு ஹாஸ்டல்ல எனக்கு அது பழகிப்போச்சு. அதனால, பயோபிராசஸ் அசைன்மென்ட்ல "பீரை முதிர வைக்க ஏற்ற வெப்பநிலை எது? காரணம் தருக" என்ற கேள்வி என் ரோல் நம்பருக்கு விழுந்தப்போ, மொத்த கிளாஸும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தது.

விடை சின்னதுதான். பெரும்பாலான பீர் புதுசா இருக்கும்போதுதான் நல்லா இருக்கும், வெச்சிருந்து பயனில்லை. ஆல்கஹால் அதிகமுள்ள அடர்நிற வகைகளைத்தான் மாசக்கணக்கா, வருஷக்கணக்கா வைப்பாங்க. 10 முதல் 13 டிகிரி செல்சியஸ்ல, இருட்டுல. வெப்பநிலை 10 டிகிரி ஏறினா வேதிவினை தோராயமா ரெண்டு மடங்கு வேகமாகும். கணக்குப் போட்டுப் பாருங்க: 12 டிகிரியில ஒரு வருஷம் ஆகுறது, 32-ல மூணே மாசம். அதுவும் நல்லபடியா முதிராது. ஆக்சிஜனேற்றம் முந்திக்கிட்டு, நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வந்துடும்.

சரி, எங்க மாவட்டத்துல 12 டிகிரிக்கு எங்க போறது? டவுன்ல மே மாசம் நிழல்லயே கொளுத்தும். கச்சிராயபாளையம் வழியா கல்வராயன் மலை ஏறினா, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறு டிகிரி குறையும். மார்கழி விடியக்காலையில வெள்ளிமலையில நடுங்கலாம், மதியம் மறுபடி ஏறிடும். இப்படி ஏறி இறங்குறதும் பீருக்கு ஆகாது. ஆக, டெம்பரேச்சர் செட் பண்ற ஃபிரிட்ஜ்தான்.

இங்கதான் என் பேனா நின்னுது. கருணாபுரத்துல 60 பேருக்கு மேல செத்தப்போ எங்க தெருவுல சிலர், "வெயில்ல கெட்டுப்போன சரக்கா இருக்கும்"னு பேசிக்கிட்டாங்க. இல்லீங்க. வெயில் ருசியைக் கெடுக்கும், மெத்தனாலை உண்டாக்காது. அந்தச் சாராயத்துல கலந்திருந்தது மெத்தனால். அது கல்லீரல்ல ஃபார்மால்டிஹைடாகி, அப்புறம் ஃபார்மிக் அமிலமாகி, கண் நரம்பைத் தாக்கும். முதல் சில மணி நேரம் சாதாரண போதை மாதிரியே இருக்கும், அதனாலதான் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதமாகுது. ஃபிரிட்ஜ்ல வெச்சாலும் போகாது, வருஷக்கணக்கா மூடி வெச்சாலும் போகாது. நாக்கை நம்பிக் கண்டுபிடிக்கவும் முடியாது.

இதையெல்லாம் அசைன்மென்ட் கடைசியில ஒரு பத்தியா எழுதிக் கொடுத்தேன். சார் அதுக்குப் பக்கத்துல சிவப்பு மையில "கேட்கப்படவில்லை"னு எழுதியிருந்தாரு. மார்க் மட்டும் குறைக்கல.