மகளின் பெயரால் ஓர் அறம்

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையாற்றில் எழுந்தருளி, அன்றிரவு வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலைச் சென்றடைவது மதுரை மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வரும் காட்சி. அவர் வரும் வழியெங்கும் நீர்மோர்ப் பந்தல்களும் பானகப் பந்தல்களும் நிறைந்திருக்கும். பந்தலின் முகப்பில் பெரும்பாலும் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கும். மறைந்த தந்தை, தாய், பாட்டனார் ஆகியோரின் நினைவாக நடைபெறும் தருமங்கள் அவை. ஏதேனும் ஒரு பந்தலில் சிறு குழந்தையின் படம் மாலையுடன் இருந்துவிட்டால், மோர் அருந்த வந்த முதியவர்களின் கை ஒரு கணம் தயங்கி நிற்கும்.

மூத்தோருக்கு இளையோர் ஆற்ற வேண்டிய கடன்களைச் சாத்திரங்கள் தெளிவாக வகுத்துள்ளன. திதியும் உண்டு, தர்ப்பணமும் உண்டு, அமாவாசைதோறும் நினைவுகூரும் வழக்கமும் உண்டு. ஆனால் வரிசை மாறி இளையவர் முந்திக்கொண்டால், பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிக்கும் அவ்வாறு பற்றிக்கொள்ள அதிகம் இருப்பதில்லை. படிப்புக்கென்று ஒதுக்கிய பணம், திருமணத்திற்கென்று சேர்த்த நகை, பேரப்பிள்ளை வந்து ஆள்வான் என்று காத்துவந்த நிலம் யாவும் அப்படியே இருக்கும். அவற்றுக்குரியவர் மட்டும் இருக்கமாட்டார். அந்த அன்பு எங்கே போய்ச் சேர்வது? இக்கேள்விக்கு ஒரு தாய் தந்த விடை, வண்டியூருக்கு வடகிழக்கே யானைமலைப் பக்கத்திலுள்ள கொடிக்குளத்தில் இருக்கிறது.

பூரணம் என்னும் ஆயி அம்மாள், மதுரையில் வங்கி எழுத்தராகப் பணிபுரிந்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்து, கருணை அடிப்படையில் கிடைத்த வேலையைக் கொண்டு தம் ஒரே மகள் ஜனனியை வளர்த்து ஆளாக்கினார். பட்டப்படிப்பை முடித்த அந்த மகளும் காலமானார். 2024-ஆம் ஆண்டு சனவரி மாதம், கொடிக்குளத்தில் தமக்கு உரிமையாக இருந்த 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அவ்வூர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்வதற்கென அரசின் பள்ளிக் கல்வித் துறைக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பல கோடி ரூபாய் மதிப்புள்ள நிலம் அது. அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: பள்ளிக்குத் தம் மகளின் பெயர் விளங்க வேண்டும்.

செய்தி பரவியபின் மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் நேரில் சென்று அவரைப் பெருமைப்படுத்தினார். அவ்வாண்டுக் குடியரசு நாள் விழாவில் முதலமைச்சரின் சிறப்பு விருதும் அவருக்கு வழங்கப்பெற்றது. பாராட்டோடு தம் பணி முடிந்ததென்று அந்தத் தாய் ஓய்ந்துவிடவில்லை. அடுத்த மாதமே மேலும் 91 சென்ட் நிலத்தைக் கல்விக்கென்று அளித்தார்.

ஜனனி என்பது அம்பிகையின் திருநாமங்களுள் ஒன்று. பெற்றவள் என்பது அதன் பொருள். நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்குமேல் கற்க வேறு ஊருக்குச் செல்ல வேண்டும். தொலைவை எண்ணி அஞ்சும் வீடுகளில் முதலில் நின்றுபோவது பெண் குழந்தையின் படிப்பே. அத்தகைய குழந்தைகள் உள்ளூரிலேயே பத்தாம் வகுப்புவரை கற்க வழி செய்தது, மறைந்த ஒரு மகளின் பெயரால் அமைந்த அறம்.

யானைமலைக்கு இத்தகைய அறம் புதிதன்று. அம்மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட நரசிங்கப் பெருமாள் கோயிலை வணங்கிய அன்பர்கள் பலர் இருப்பர். கி.பி. 770-ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கோயில் கல்வெட்டு ஒரு செய்தியைச் சொல்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சராக இருந்த மாறன் காரி அக்கோயிலைக் குடைவித்தார். குடமுழுக்குக் காணும் முன்னரே அவர் இறந்துபோக, அவருக்குப்பின் அமைச்சரான தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தை அமைத்துப் பணியை நிறைவு செய்தார். பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பெருமாள் அங்கே அருள்பாலித்து வருகிறார். முந்திச் சென்றவர் தொடங்கியதைப் பிந்தியிருப்பவர் முடித்துக் கொடுப்பதும் ஒரு வழிபாடே என்பதற்கு அக்கல்லே சான்று.

பெரிய புராணம் காட்டும் அப்பூதியடிகளின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. திங்களூரில் அவர் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் வெட்டிய குளத்துக்கும் தம் பெயரை இடவில்லை. தாம் நேரில் காணாத திருநாவுக்கரசரின் பெயரையே இட்டார். அந்த நாவரசர் இல்லத்திற்கு வந்தபோது, வாழைக் குருத்து அரியச் சென்ற மூத்த மகனைப் பாம்பு தீண்டிற்று. அடியவர் அமுது செய்வதற்குத் தடை வந்துவிடுமோ என்றஞ்சிப் பெற்றோர் அத்துயரை மறைத்தனர். உண்மையை உணர்ந்த நாவுக்கரசர் இறைவனைப் பாடி மகனை உயிர்ப்பித்தார். அந்த அருள் எல்லா வீட்டிலும் நிகழ்வதில்லை. திரும்பி வராத குழந்தையை எண்ணிக் கோயில் தூணில் சாய்ந்து அழும் பெற்றோர் எத்தனையோ பேர். அவர்களுக்கு அப்பூதியார் விட்டுச் சென்றது தண்ணீர்ப் பந்தல். நேசித்தவரின் பெயரைச் சொல்லித் தாகம் தீர்ப்பது எவருக்கும் இயலும்.

கடல் கடந்த நாட்டிலும் இதே உணர்வு செயற்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த லேலண்ட் ஸ்டான்போர்டு, ஜேன் தம்பதியரின் ஒரே மகன் 1884-ஆம் ஆண்டு இத்தாலியில் குடற்காய்ச்சலால் இறந்தான். அப்போது அவனுக்கு வயது 15. இனி அம்மாநிலத்துப் பிள்ளைகளே தம் பிள்ளைகள் என்று கருதிய அவ்விருவரும், மறு ஆண்டே அவன் பெயரால் ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவினர். உலகப் புகழ்பெற்ற அந்தப் பல்கலைக்கழகத்தின் முழுப்பெயரில் இன்றும் அந்தச் சிறுவனே வாழ்கிறான்.

நிலமும் செல்வமும் உடையோர் தனித்து நின்று அறம் செய்யலாம். அவை இல்லாத குடும்பத்தார் என் செய்வது? ஊர் கூடித்தான் செய்ய வேண்டும். வைகை பெருக்கெடுத்தபோது கரையை அடைக்கும் பொறுப்பைப் பாண்டியன் வீட்டுக்கு வீடு பங்கிட்டான் என்கிறது திருவிளையாடற் புராணம். பிட்டு விற்றுப் பிழைத்த, துணையற்ற கிழவியான வந்திக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கை அடைக்கத்தான் சொக்கநாதரே கூடை தூக்கி வந்தார். ஊர்ப் பொதுப்பணியில் ஏழை மூதாட்டியின் பங்கைச் சிறிதென்று ஒதுக்கியிருந்தால் அந்தத் திருவிளையாடலுக்கே இடமில்லை. காஞ்சி மகாசுவாமிகள் காட்டிய பிடி அரிசித் திட்டமும் இதே நெறியில் அமைந்தது. உலை வைக்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தால், பலர் பசி ஆறும். கொடுத்தவர் எவருக்கும் சுமை தெரியாது.

எனவே மறைந்த குழந்தையின் பெயரால் ஊரில் நிதி திரட்ட முன்வருவோர் சிலவற்றை மனத்தில் இருத்துவது நலம். முதலாவது, பெற்றோரின் இசைவு. துயரம் ஆறாத வீட்டில் படத்தைப் பெரிதாக அச்சிட்டு ஊரெங்கும் ஒட்டுவது அவர்களைப் பேருந்து நிறுத்தத்திலும் கடைவீதியிலும் மீண்டும் மீண்டும் அழவைக்கும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். இரண்டாவது, நோக்கம் ஒன்றாகவும் தெளிவாகவும் இருக்கட்டும். பள்ளிக்குக் குடிநீர்த் தொட்டி என்று கேட்டு வாங்கிய பணத்தை, நல்ல காரியமே ஆயினும், வேறொன்றுக்குச் செலவிடலாகாது.

மூன்றாவது கணக்கு. வங்கியில் தனிக் கணக்கு, அதை இயக்க இருவர் கையொப்பம், பத்து ரூபாய்க்கும் ரசீது, பணி முடிந்ததும் கோயில் மண்டபத்தில் வரவு செலவை வாசித்தல் ஆகிய இவை இன்றியமையாதவை. மற்ற வசூலில் பிழை நேர்ந்தால் வசூலித்தவர்தாம் பழிக்கு ஆளாவர். இங்கே பிழை நேர்ந்தால் பழி சென்று படிவது ஒரு குழந்தையின் பெயர்மேல். பேசி மறுக்க அக்குழந்தை இல்லை. நான்காவது, நிலைத்து நிற்கும் ஏற்பாடு. முதலாண்டு நினைவு நாளில் நூறு பேர் வருவர். ஐந்தாம் ஆண்டு எத்தனை பேர் வருவர் என்று சொல்ல இயலாது. திரட்டியதில் ஒரு பகுதியை வைப்பு நிதியாக இட்டு, வட்டியில் ஆண்டுதோறும் ஓர் அறம் நடக்கச் செய்தால், மறதி வந்தாலும் அறம் நிற்காது.

இதற்கான வழிகளும் எளியவை. தமிழகத் திருக்கோயில்களில் 2002-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அன்னதானத் திட்டத்தில், விரும்பிய நாளில் உணவளிக்கக் காணிக்கை செலுத்தலாம். குழந்தை மறைந்த நாளைவிடப் பிறந்த நாளைத் தேர்ந்தெடுப்பது பெற்றோர் மனத்திற்கு இதமளிக்கும். அரசுப் பள்ளிகளுக்கு உதவ விரும்புவோருக்கென 2022-ஆம் ஆண்டு முதல் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ என்னும் திட்டமும் செயற்பட்டு வருகிறது.

இவற்றில் முதியோருக்கென்றே உரிய பணி ஒன்றுண்டு. மறைந்த குழந்தையின் பெயரைச் சொன்னால் பெற்றவள் வருந்துவாளே என்றெண்ணி உறவினர் அப்பெயரையே தவிர்த்து விடுகின்றனர். நாளடைவில் அவ்வீட்டில் அப்பெயர் ஒலிக்காமலே போகிறது. சந்நிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது அந்தக் குழந்தையின் பெயரையும் நட்சத்திரத்தையும் நினைவில் வைத்துச் சொல்லும் பாட்டியார் ஒருவர் இருந்தால், அந்தத் தாய் தன் மகளை ஊர் மறக்கவில்லை என்று அறிவாள். கொடிக்குளத்துத் தாய் நிலத்தைக் கொடுத்து வேண்டியதும் மகளின் பெயர் வாழ வேண்டும் என்பதையே. அங்கயற்கண்ணி அத்தகைய தாய்மார் அனைவருக்கும் மன அமைதியை அருள்வாளாக.